விலாவின் நிறம்

சிகீரெஸ் பேருந்து நிலையத்துச் சுவரில்
வில்பெர்த் ஒரு தவளை வரைந்துகொண்டிருந்தான்.
முதுகு வாழைக்குருத்துப் பச்சை.
கண் காப்பிப்பழச் சிவப்பு.
விலாவில் நீலம்,
அதன்மேல் மஞ்சள் பட்டைகள்,
ஜன்னல் கம்பிபோல் இடைவெளி விட்டு.

தவறு என்றேன்.
நான் பிறந்த கொல்ஃபீத்தோவில்
அதற்கு விலா ஆரஞ்சு.
குளியலறைக் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ளும்.
பல் துலக்கும்போது எத்தனை முறை பார்த்திருக்கிறேன்,
தொடையின் உட்புறம்
சீவிய பப்பாளி.

அவன் ஏணியிலிருந்து இறங்கவில்லை.
"உங்கள் கடல் வேறு" என்றான்.

பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில்
சோற்றில் தேங்காய்ப்பால் விடுவது பற்றி,
ஒழுகும் கூரை பற்றி,
அவன் தம்பிக்குக் கொடுத்த கடன் பற்றிச்
சண்டை போட்டிருக்கிறோம்.
ஒரு தவளையின் இடுப்புக்காக
இதுவே முதல்முறை.

இரவு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு
மாட்டுப்பண்ணைக் குட்டைக்குப் போனோம்.
மழை நின்றுவிட்டது,
இலைகள் மட்டும் இன்னும் பெய்துகொண்டிருந்தன.
சக் என்றது ஒன்று.
சற்றுப் பொறுத்து, சக் சக்.
தன் வாயால் தன்னைக் காட்டிக்கொடுத்தது.

டார்ச் வெளிச்சத்தில்
ஓர் இலையை விட்டு மறு இலைக்குக் கால் நீட்டியது,
அவசரமே இல்லை,
படியிறங்கும் நிறைமாதக்காரி மாதிரி.
நீலம்தான்.
ஒத்துக்கொண்டேன்.

அடுத்ததும் நீலம்,
ஆனால் கத்தரிப்பூவை எட்டுவதற்குச்
சற்று முன்னால் நின்றுவிட்ட நீலம்.
மூன்றாவதில் பட்டைகள் அடியில்
ஒன்றோடொன்று கைகோத்திருந்தன.
நான்காவதன் முதுகில் நாலு வெள்ளைப் புள்ளி,
யாரோ பிரஷ்ஷை உதறியிருக்கிறார்கள்.
ஐந்தாவது பச்சையே இல்லை,
இருட்டு இறங்கிய பாசி நிறம்.
அதை வில்பெர்த் வெகுநேரம் பார்த்தான்.
"எதை வரைவது?" என்றான்.
என்னைக் கேட்கவில்லை.

விடிந்ததும் தனியாக மறுபடி போயிருக்கிறான்.
ஹெலிகோனியா இலையின் அடியில்
ஒன்று தூங்கிக்கொண்டிருந்ததாம்.
கால்களை மடித்து, விலாவை மூடி,
சிவப்புக் கண்மேல்
கீழிருந்து ஒரு பொன்வலை இமையை இழுத்துவிட்டு,
இலையிலேயே கொஞ்சம் தடித்த இடமாக.
எந்தக் கடல் உன்னுடையது என்று
அதனிடம் கேட்க வழியில்லை.

சுவரில் அதைத்தான் வரைந்தான்.
முதலாளி தோன் எலிசேயோ வந்து நின்றார்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
"தவளை எங்கே?"

பாதிக் கூலிதான் கிடைத்தது.
பெயின்ட் கடைப் பாக்கி போக
கொல்ஃபீத்தோவுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தோம்.
அதில் கடைசிக் காசுக்கு
என்னிடம் சொல்லாமல்
ஓர் ஆரஞ்சு டப்பா வாங்கியிருக்கிறான்.
மூடியை இன்னும் திறக்கவில்லை.