குழி நோட்டு

பாலில் தண்ணீர் எத்தனை என்று
தினம் இருவேளை சொல்கிறவள் நான்.
அதனால்தான் ரோட்டு நோட்டும் என் கைக்கு வந்தது.
"எழுது கண்ணு, உனக்குத்தான் கணக்கு வரும்"
என்றார் தலைவர் பொங்கியண்ணன்.
நெடுஞ்சாலை ஆபீஸ் முத்திரை,
நூறு பக்கம், கோடு போட்டது.
பராமரிப்புக் குழுவில் ஒன்பது பேர்.
முதல் கூட்டத்துக்கு வந்தது நாலு.

செம்மங்காட்டுவலசு சொசைட்டி வாசலில் தொடங்கி
கீழ்பவானி வாய்க்கால் பாலம் வரை
இரண்டே கால் கிலோமீட்டர்.
நடந்தே எண்ணினேன்.
குழி ஒன்று: ஒரு பால் கேன் அகலம்.
குழி நாலு: கம்பெனி வேனில்
பனியன் வேலைக்குப் போகிற பெண்களின்
தூக்கம் கலைகிற இடம்.
குழி பதினொன்று:
பீகார்ப் பையன் சைக்கிளோடு விழுந்து
முன்பல் இரண்டை விட்டுப் போனது.
ஓட்டர் லிஸ்டில் பேர் இல்லாததால்
அவன் குழுவிலும் இல்லை.
ஆனால் நைட் ஷிப்ட் முடிந்து வரும் இருட்டில்
அறுபத்து மூன்றையும் வளைத்து ஓட்டுவான்.
பாதிக் குழி அவன் சொல்லித்தான் எழுதினேன்.

தெக்கு வளவு மாரக்காள்
எட்டு வருசம் தார் வேலைக்குப் போனவள்.
"குழிய எதுக்குங் எண்றீங்க,
தண்ணியப் பாருங்க.
தண்ணி நிக்கற எடத்துல
ரோடு நிக்காதுங்" என்றாள்.

தண்ணி நின்றது
மயில்சாமி மாமன் தோப்போரம்.
குழாய்ப் பாலத்து வாயில்
தென்னை மட்டையும் மண்மூட்டையும்.
மாமனும் குழுவில் ஒருவர்.
யார் அடைத்தது என்பதற்கு
நோட்டில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், சின்ன எழுத்தில்.
இரண்டு நாள் பாலைத்
தனியார் டெய்ரிக்கு ஊற்றினார்.
மூன்றாம் நாள் டிவிஎஸ் ஃபிப்டி
சொசைட்டி வாசலில் நின்றது.
"ஜேசிபிக்காரன் தொறந்தான்னு எழுதிக்கோ,
நான் தொறந்தேன்னு எழுதாத."
அப்படியே எழுதினேன்.

தார் போட்ட அன்றைக்கு
சைக்கிள் கம்பி ஒன்றில்
முப்பது மில்லிக்கு நகப்பாலிஷ் கோடு போட்டு
கொண்டு போனேன்.
ஆவி பறக்கும் தாரில் குத்திக் குத்திப் பார்த்தேன்.
ரோலர்காரர் சிரித்தார்.
இரண்டு இடத்தில் கோடு நனையவில்லை.
ஒன்றை மறுபடி போட்டார்கள்.
இன்னொன்றுக்கு சூப்பர்வைசர் டீ வாங்கித் தந்தார்.
டீயைக் குடித்தேன்.
அதையும் எழுதினேன்.

பன்னிரண்டு நாள் மாரக்காளும் வளவுக்காரர்களும்
ஓரத்துக்கு மண் அணைத்தார்கள்,
சீமைக் கருவேலம் வெட்டினார்கள்.
தார் வந்து வந்து
வளவுக்குத் திரும்புகிற வேம்படியில்
கத்தியால் வெட்டினதுபோல நின்றது.
"எஸ்டிமேட்டுல அவ்வளவுதானுங்."
அங்கிருந்து அவள் வீடு வரை
பழைய ஜல்லி, மாட்டுக் குளம்படி,
இருநூற்றுப் பத்து மீட்டர்.

வேலை முடிந்ததென்று
ஒன்பது பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.
ஏழு பேர் போட்டுவிட்டார்கள்.
மாரக்காள் பேனாவை வாங்கி
மூடியைக் கழற்றி, திரும்ப மூடி,
என்னைப் பார்த்தாள்.

அப்போது ஒன்று நினைவு வந்தது.
அவள் கேனின் மூடியோரம்
எப்போதும் ஒட்டியிருக்கும் வெண்ணெய்த் திவலை.
சைக்கிள் கேரியரில் ஆடி ஆடி
ஜல்லியே கடைந்துவிட்ட பால்.
நான் அதைத் துடைத்துப் போட்டுவிட்டு
கொழுப்பு குறைவு, கொழுப்பு குறைவு என்று
ஆறு வருசமாக எழுதியிருக்கிறேன்.
லிட்டருக்கு இரண்டு ரூபாய் பிடித்திருக்கிறேன்.

நோட்டைத் திருப்பினேன்.
கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம்.

குழி அறுபத்து நாலு:
அகலம், ரோட்டளவு.
நீளம், இருநூற்றுப் பத்து மீட்டர்.
ஆழம்

"இதென்ன கண்ணு குழி,
இப்படியுமா ஒரு குழி" என்கிறார் பொங்கியண்ணன்.
பொழுதிறங்குகிறது, கேன்கள் வரிசையில் நிற்கின்றன.
இரண்டு கையெழுத்துக்கு இடம் காலி.
ஆழத்துக்கு நேரே
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.