கண் மருத்துவமனைக்கு ஒரு புள்ளி

ஐம்பத்தாறு முடிந்த ஏழாம் நாள்
கோயம்புத்தூரிலிருந்து பார்சல் லாரியில் வந்து இறங்கியது
வினைல் வெட்டும் மெஷின்.
"வீட்டுக்காரர் இல்லீங்களா, கையெழுத்துப் போட?"
என்றான் இறக்கியவன்.
கடன்காரி நான்தான் என்று
பேனாவை வாங்கிக்கொண்டேன்.

இருபத்தொன்பது வருஷம்
ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலையின் எடைமேடையில்
எண்களை மட்டும் எழுதிய கை.
கிழங்கு லாரி ஏறும்: மொத்தம்.
கொட்டிவிட்டுத் திரும்பும்: காலி.
கழித்தால் நிகரம்.
எழுத்து என்று உற்றுப் பார்த்ததெல்லாம்
வண்டி நம்பருக்கு முன்னால் வரும் டி.என். தான்.

மேடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது,
எனக்கு செட்டில்மெண்ட் வந்தது.
ஆளுக்கொரு அப்பளம் சொன்னார்கள்,
ஆளுக்கொரு ஊறுகாய்.
செங்கோடன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
அம்மாபேட்டையில் ஒரு பத்துக்குப் பன்னிரண்டைப்
பார்த்துவிட்டு வந்து,
"த்ரீ பேஸ் கரண்ட் இருக்கு" என்றார்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது இது:
மெஷின் வெட்டும், அவ்வளவுதான்.
வேண்டாத வினைலை ஊசிக் கிடுக்கியால் கிள்ளி
உரிப்பது நாம்.
'ட' நல்ல பிள்ளை, வேலையே வைக்காது.
'ண' சுழிக்குள் சுழி.
'ஐ' ஒரு கல்யாண மண்டபம்.
'ழி' எடுக்கையில் மூச்சு விடக் கூடாது.
உரித்த வயிறுகளும் கண்களும் முழங்கையில் ஒட்டிக்கொண்டு
டிக்கெட் இல்லாமல் டவுன் பஸ்ஸில் வீடு வரும்.
ஒருநாள் ரசத்தில் மிதந்தது ஒரு புள்ளி.
செங்கோடன் அதைக் கரண்டியில் எடுத்துத்
தட்டோரம் வைத்தார்,
கறிவேப்பிலை மாதிரி.

முதல் போர்டு ஏற்காட்டுக்கு.
பதினெட்டாம் வளைவு தாண்டி ஒரு தங்கும் விடுதி.
குரங்குகளுக்கு உணவு போடாதீர்.
மஞ்சளில் கறுப்பு.
வேடியப்பன் போய் மாட்டிவிட்டு வந்தான்.
நாலாம் நாள் போன்.
குரங்குகளே வந்து 'தீர்' இரண்டெழுத்தையும்
பிய்த்துக்கொண்டு போய்விட்டன.
குரங்குகளுக்கு உணவு போடா
என்று மிச்சம் நிற்க,
அதன் கீழே நின்று செல்ஃபி எடுத்துப்
பொட்டலம் பொட்டலமாய்ப் பொரி போட்டதாம் ஜனம்.
காசு வாங்காமல் அக்ரிலிக்கில் மாற்றிக் கொடுத்தேன்,
நாலு மூலைக்கும் ஸ்க்ரூ வைத்து.
அந்த மாத நிகரம்
எழுநூற்று நாற்பது ரூபாய் நஷ்டம்.

பிறகு அஸ்தம்பட்டியில் கண் மருத்துவமனை.
இரண்டடி எழுத்து, உள்ளே எல்இடி.
மூன்று தவணையில் பணம், இரண்டு வந்தது.
ஆடிக் காற்றில் ஒருநாள்
'ண்' மேலிருந்த புள்ளி எங்கோ விழுந்துவிட்டது.
கண மருத்துவமனை.
டாக்டர் பார்க்கவில்லை.
சொட்டு மருந்து விட்டு அண்ணாந்திருந்த
நாற்பது பேரும் பார்க்கவில்லை.
பஸ்ஸில் நின்றபடி நான் பார்த்தேன்,
பிடித்திருந்த கம்பி கையைவிட்டு நழுவியது.

இரவு பத்தரைக்கு ஏணி.
"நான் ஏறுறேன்க்கா" என்றான் வேடியப்பன்.
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே ஏறினேன்.
ஒவ்வொரு படிக்கும் முழங்கால் கணக்குக் கேட்டது.
புதிய புள்ளி ஓர் இட்லி அளவு.
சிவப்பு ஒயரைச் சிவப்போடு முறுக்கி,
கறுப்பைக் கறுப்போடு முறுக்கி,
பசை காயும்வரை
உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தேன்.
"யாரும்மா அது மேலே?"
வாட்ச்மேன் டார்ச்சை என் முகத்தில் அடித்தார்.
"அஞ்சு நிமிஷம்ங்க."
விரலிடுக்கில் வெளிச்சம் கசிந்தது,
நகமெல்லாம் சிவப்பு.

அத்தனை உயரத்திலிருந்து
சேர்வராயன் மலை தெரிகிறது.
ஒரு வண்டி மட்டும் வளைவு வளைவாய்
மறைந்து மறைந்து இறங்கிக்கொண்டிருந்தது.
காலியா, லோடா
என்று பழக்கத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன்.