எஞ்சின் பின்னால்

ஹில்குரோவ் பக்கம் மண் சரிவு.
ரயில் இன்றைக்கு வராது என்று ஃபோன் வந்துவிட்டது.
குன்னூர் விசாரணை ஜன்னலில்
சொட்டும் மழைக்கோட்டோடு ஒரு வெளிநாட்டுக்காரர்:
'டூ யூ நோ வென் த ட்ரெயின் வில் கம்?'
'எஸ்' என்றேன்.
அவர் காத்திருந்தார்.
நானும்.

மேசைக்கடியில் இலாகாத் தேர்வுப் புத்தகம்,
அறுபத்தொன்றாம் பக்கம் மடித்தபடி.
வெறுமனே கேட்டால் 'வேர் ஈஸ் த ட்ரெயின்'.
தெரியுமா என்று சுற்றி வளைத்தால்
'வேர் த ட்ரெயின் ஈஸ்'.
இந்த ஈஸ் எதற்கு இடம் மாறுகிறது என்று
மூன்று ராத்திரி மண்டை காய்ந்தேன்.

பிளாட்பாரத்தில் நின்றபோதுதான் பிடிபட்டது.
மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகையில் எஞ்சின் முன்னால்.
ஏறி வருகையில் பின்னால்,
பல்சக்கரம் கவ்வக் கவ்வ
பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு.
நேர்க்கேள்வி இறக்கம், வினை முந்திக்கொள்ளும்.
இன்னொரு வாக்கியத்தின் மேல் ஏற வேண்டுமென்றால்
பின்னால் போய் முட்டுக்கொடுக்க வேண்டும்.

ஷெட்டில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த
செங்கோடனிடம் சொன்னேன்.
'அப்போ தமிழ்?' என்றான்.
'தமிழுக்கு என்றைக்கும் ஏற்றம்தான்.
வினை கடைசியில்தான் தள்ளும்.'
சிரித்தான். வேஸ்ட் பஞ்சில்
ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.
வீட்டில் அப்படிச் சிரித்து மாசமாகிறது.

சாயங்காலம் புக்கிங்கில் டெல்ஃபின் கேட்டாள்,
போத்தனூருக்கு மாற்றல் எழுதிக் கொடுத்திருக்கிறாராமே,
நீயும் போகிறாயா என்று.

குவார்ட்டர்ஸில் டீ ஆறிக்கொண்டிருந்தது.
'மாற்றல் கேட்டாயா' என்பது நாக்கு வரை வந்தது.
இறக்கத்தில் பிரேக் போட்டேன்.
'என்று' என்கிற கொக்கியை மாட்டி
டெல்ஃபினின் பெட்டியில் ஏற்றி அனுப்பினேன்:
'நானும் போத்தனூர் போகிறேனா என்று
டெல்ஃபின் கேட்டாள்.'

அவன் டம்ளரைச் சுழற்றினான்.
'அவளுக்கு என்ன சொன்னாய்?'
'தெரியாது என்றேன்.'
'சரி.'

கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது, அவனுக்கு.
வெளியே பனி இறங்கி
எதிர் வரிசை வீடுகளைத் துடைத்துவிட்டிருந்தது.

ராத்திரி மாதிரித் தேர்வைத் திருத்தினேன்.
ஐ டோன்ட் நோ என்று ஆரம்பித்தால்
உள்ளே எத்தனை கேள்வி இருந்தாலும்
முற்றுப்புள்ளிதானாம்.
ஏழாவதில் ஒரு மார்க் போயிற்று.
கேள்விக்குறி போட்டிருந்தேன்.