இரண்டு நட்சத்திரம்

முதலில் அது பொம்மை.
பிறகு சித்திரக்கதை, டிபன் பாக்ஸ், மூன்று படம்.
இப்போது எட்டு எபிசோடு,
தமிழிலும் பேசுகிறது.

காவேரிப்பட்டணத்தில் ஆனி மாதம்.
மாங்கூழ் ஆலைக்குப் பெங்களூரா ஏற்றிய லாரிகள்
ஜன்னலை உரசியபடி வரிசையில்.
ஞாயிறு இணைப்புக்கு நூற்றைம்பது வார்த்தை.
எந்த வயதுக்கு மேல் காட்டலாம்,
எங்கே பயப்படும், எதை ஓட்டிவிடலாம்:
பெற்றோருக்கு நான் சொல்லவேண்டும்.

ரோபோ நாய்க்கு மதுரைப் பேச்சு எதற்கு
என்று கேட்டாயிற்று.
அம்மா அழும்போதெல்லாம்
உதடு முந்துகிறது, குரல் பிந்துகிறது.
மூன்றாம் பாகத்தில் வெடித்துச் சிதறிய அப்பா
ஏழாவது எபிசோடில்
பால்வெளியின் அந்தக் கோடியிலிருந்து வருகிறார்,
இஸ்திரி கலையாத சட்டையில்.
'நம்பும்படி இல்லை' என்று தட்டினேன்.

பக்கத்து அறையில் அகரன்
அதே இடத்தைப் பின்னால் இழுத்து இழுத்துப் பார்க்கிறான்.
கதவு திறக்கிறது. "வந்துட்டேன்டா."
கதவு திறக்கிறது. "வந்துட்டேன்டா."
பதினொன்று வரை எண்ணினேன்.
அப்புறம் ஒரு லாரி ஹாரனில் கணக்கு விட்டுப்போயிற்று.

ஓசூர் இங்கிருந்து அறுபது கிலோமீட்டர்.
நடுவில் ஒரு சுங்கச்சாவடி.
பைக்குக்கு அங்கே காசும் கிடையாது.

'நம்பும்படி இல்லை'யை அழிக்கவில்லை.
நட்சத்திரத்தையும் கூட்டவில்லை.
கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்:
'ஏழாவதைப் பிள்ளைகள் தனியாகப் பார்க்கட்டும்,
எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.'

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில்
அந்த வரி இல்லை.
அது இருக்கவேண்டிய இடத்தில்
செருப்புக்கடை விளம்பரம்,
கால் பக்கம்.