கட்டம் ஏழு

படிவத்தில் ஏழாவது கட்டம்: காரணம்.
மூன்று பெட்டிகள்.
மனிதத் தவறு, கட்டுமானக் குறை,
மூன்றாவதற்குப் பெயர் வைக்கக் கூசி
'உயர்ந்த வலிமை' என்று சொல்லி
நிறுத்திக்கொள்கிறது ஜெர்மன் மொழி.
பதினாறு வருடமாக அதில்தான் புள்ளடி போடுகிறேன்,
வெள்ளத்துக்கும் ஆலங்கட்டிக்கும்.

கிளாருஸ் பள்ளத்தாக்கு, மார்ச் கடைசி வாரம்.
பனி இளகி, மலை ஒரு கல்லைக் கைவிட்டது.
பாதி வழியில், லார்ச் மரங்களுக்கு மேலே,
அது இரண்டாக உடைந்தது.
ஒரு பாதி
ரெகுலா ட்சொப்ஃபியின் மாட்டுக்கொட்டில் சுவருக்கு
முப்பத்தொரு சென்டிமீட்டர் முன்னால் நின்றது.
நான் அளந்தேன்.
மறுபாதி நிற்கவில்லை.
வெரேனா ஷ்ட்ரைஃபின் வீடு, மேற்கு அறை, கட்டில்,
கட்டிலில்
காய்ச்சலென்று பள்ளிக்குப் போகாத யோஸ்ட்.
வயது ஒன்பது.
அதை எழுதப் படிவத்தில் இடமில்லை; நான் கட்டடங்களின் ஆள்.

ரெகுலா தன் கல்லின் முன் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்.
ஏழு பசு, ஒரு கன்று, ஒரு கீறல்கூட இல்லை.
"கை வைத்துத் தடுத்ததுபோல" என்றார்,
எப்படி வைத்த கை என்றும் காட்டினார்.
கல்லைக் கும்பிடும் வீட்டில் பிறந்தவன்,
எனக்கு அது புதிதல்ல.
கல்லுக்கு மறுபாதி இருந்ததுதான் புதிது.

போதகர் வந்திருந்தார், சப்பாத்து முழுக்கச் சேறு.
"மனிதருக்குச் சுதந்திரம் தந்ததனால்..." என்று தொடங்கி
இடிந்த சுவரைப் பார்த்தார்.
கத்திக்குப் பின்னால் ஒரு மனம் இருக்கும்.
இதற்குப் பின்னால் இருந்தது
முப்பத்தெட்டு பாகைச் சரிவு.
நேர்மையான மனிதர்.
மீதி வாக்கியத்தை விழுங்கிவிட்டு
மண்வெட்டி எங்கே என்று கேட்டார்.

அவனன்றி ஓரணுவும் அசையாது என்றுதான்
எங்களை வளர்த்தார்கள்.
இரு பாதியும் சேர்த்து நாற்பத்திரண்டு தொன்.
எத்தனை அணு என்று
காரில் இருந்தபடி கணக்குப் பார்க்கத் தொடங்கி
விட்டுவிட்டேன்.
தொலைபேசியில் அக்கா "முன்வினை" என்றாள்.
ஒன்பது வயதுக்கா?
"முற்பிறப்பு."
அந்தப் பிறப்பில் விழுந்ததற்கு?
"அதுக்கும் முந்தினது."
கடனை வங்கி விட்டு வங்கி மாற்றுகிறோம்,
முதன்முதலில் கைநீட்டி வாங்கியது யார் என்று
எந்தக் கிளையிலும் பதிவில்லை.

எங்கள் மாமாமேல் விழுந்தது கல் இல்லை.
அதற்குப் புறப்பட்ட இடம் இருந்தது,
கட்டளையிட்ட ஒரு வாய் இருந்தது.
கடவுளைக் கேட்க அன்று எங்களுக்குத் தோன்றவில்லை,
கேட்க ஆட்கள் இருந்தார்கள்.
போர் என்றால் காப்புறுதி பொறுப்பேற்காது:
பக்கம் பதினொன்று, பொடி எழுத்து.

வெரேனா தேவாலய வரி கட்டாதவர்.
"பதினெட்டு வருடம் முன்பே
சபையில் என் பெயரை வெட்டிவிட்டேன்.
அப்படி ஒருவன் இல்லை, எனக்குத் தெரியும்.
பிறகு இரவெல்லாம் நான்
யாரோடு சண்டை போடுகிறேன்?"
கேட்டுவிட்டு என் பேனாவைப் பார்த்தார்.

வாதமாக அது நொண்டி.
பசிக்கிறது என்பதற்காகப்
பானையில் சோறு இருந்தாக வேண்டியதில்லை.
ஆனால் அந்தச் சமையலறையில்,
கழுவாத ஒரு சின்னக் கிண்ணத்தின் அருகே,
அதைவிடப் பலமானதாக எதுவும்
எனக்கு அகப்படவில்லை.

"'உயர்ந்த' என்பதை வெட்டு" என்றார்,
"மிச்சம் இருக்கட்டும்."
மிச்சம்:
அவர்கள் மொழியில்
வலிமைக்கும் வன்முறைக்கும் ஒரே சொல்.
வெட்டினேன்.
தலைமையகம் திருப்பி அனுப்பும்.

மறுநாள், ரெகுலாவின் கல்லைப் படமெடுக்கப் போனேன்.
முன்னால் மெழுகுவர்த்தி இல்லை.
உருகிய வட்டம் மட்டும் புல்லில் வெளுத்திருந்தது.
சுற்றி வந்தேன்.
கல்லுக்கும் கொட்டில் சுவருக்கும் இடையில்,
அந்த முப்பத்தொரு சென்டிமீட்டருக்குள் எரிந்துகொண்டிருந்தது,
வெரேனாவின் ஜன்னலுக்குத் தெரியாத இடத்தில்.
உள்ளே கன்று இருமியது.

விதிப்படி நான்கு பக்கமும் படம் வேண்டும்.
மூன்று எடுத்தேன்.