பூஜ்யம் ஒன்று மூன்று நான்கு

வீப்கே ட்யார்க்ஸ் விசைப்பலகையைப் பார்த்து அடிப்பதில்லை.
பிரேமர்ஹாஃபன் நாளிதழில்
மரண அறிவிப்புப் பக்கம், பதினொரு ஆண்டு.
பிறந்த தேதிக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்.
எண்பலகையின் மேல்வரிசையில் அதற்கென்றே ஒரு விசை,
ஒரே தட்டு: *
இறந்த தேதிக்கு முன்னால் சிலுவை.
அதற்கு விசை கிடையாது.
ஆல்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு
பூஜ்யம் ஒன்று மூன்று நான்கு.
பிறகு விரலை எடுக்க வேண்டும்.
எடுத்தால்தான் விழும்: †

பிறக்க ஒரு விசை, சாக ஐந்து என்று
ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் ஹாயோ சொல்வான்.
அவளும் ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்,
ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் குறைவாக.

கைபேசியில் அந்த ஐந்தும் இல்லை.
சனிக்கிழமை வீட்டிலிருந்து திருத்தம் அனுப்ப
ஒரு குறுக்குவழி செய்துவைத்தாள்,
இரண்டு கூட்டல்குறி அடித்தால் சிலுவை என்று.
செய்ததை மறந்தும் போனாள்.
கடையில் நின்ற கணவனுக்கு
முட்டை கூடுதலாக வேண்டும் என்பதை
இரண்டு கூட்டல்குறியால் சொல்ல,
அவனுக்குப் போய்ச் சேர்ந்தது
முட்டை †
எப்போது அடக்கம், என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை, சொட்டும் மழைக்கோட்டோடு ஒருவர்.
ஒக்டாய் என்று பெயர் சொன்னார்.
அச்சுப்படியை அவள் பக்கம் திருப்பி வைத்து
நகத்தால் காட்டினார்:
"அம்மா பெயரில் இந்தப் புள்ளி கிடையாது.
இரண்டு இடத்திலும்."

Nazlı Balcı.
கடைசியில் நிற்கும் மொட்டை ı.
காதை வைத்துக் கேட்டால் நம் குற்றியலுகரம்தான்;
'காற்று' என்று முடிக்கையில்
உதடு குவியாமல் நழுவிப் போகுமே, அந்த அரை உ.
முப்பத்தெட்டு வருடம் மீன் ஆலையில்
அடையாள அட்டையிலும் சம்பளச் சீட்டிலும்
பிறகு ஓய்வூதியக் கடிதத்திலும்
யாரோ ஒருவர் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தார்கள்.
நாஸ்லு, நாஸ்லியாகி
உறைந்த மீனை அட்டைப்பெட்டியில் அடுக்கினாள்.
"திருத்தச் சொல்லலாமே அம்மா?"
"சொல்லி முடிப்பதற்குள் பெல்ட் நகர்ந்துவிடும்."

வீப்கே எண்களை முயன்றாள்.
ஒன்று கேள்விக்குறி தந்தது,
இன்னொன்று காலிக் கட்டம்.
ஒக்டாய் தன் கைபேசியை எடுத்தார்.
அவர் பலகையில் அது சாதாரண விசை,
நடுவில் வசதியாக உட்கார்ந்திருந்தது;
புள்ளி வைத்ததுதான் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது.
ஒரே ஒரு எழுத்து மட்டும் உள்ள மின்னஞ்சல்
அவரிடமிருந்து அவளுக்கு, இரண்டு மீட்டர் தூரம்.
நகலெடுத்து ஒட்டினாள், இரண்டு முறை.
புள்ளியை எடுத்தால் மெய்யில் உயிர் ஏறும்
என்பது நம் இலக்கணம்.
இங்கே பெயர் மட்டும் எழுந்து உட்கார்ந்தது.

"சிலுவையும் வேண்டாம்" என்றார்.
அதற்குள் இடது கட்டைவிரல் ஆல்ட்டில்,
வலது கை பூஜ்யம் ஒன்று மூன்று.
நின்றது.
"வேறென்ன போட?"
அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இந்த நட்சத்திரத்தையே போடுங்களேன்."
"அது பிறப்புக்கு."
"தெரியும்."

மூன்றில் கையை எடுத்தால் என்ன விழும்?
பதினொரு ஆண்டில் அவள் எடுத்துப் பார்த்ததில்லை.
எடுத்தாள்.
எதுவும் விழவில்லை.
கர்சர் மட்டும் ஒரு வரி கீழே இறங்கி
அங்கே நின்று சிமிட்டியது.
அந்த இடத்திலேயே ஒரு தட்டு,
அதன் பின்னால் போன வாரத் தேதி.

"இந்த வரிக்கும் தனிக் காசா?"
"விதிப்படி ஆமாம்."
அவர் ஈரப் பர்ஸிலிருந்து
சில்லறையை எண்ணி வைத்தார்.