சொட்டு நீலம்

வெள்ளைக்குக் கூலி நானூறு.
நீலத்துக்கு இன்னும் பேசவில்லை.

பதினாறு வருஷமாக
வியாசர்பாடி மைதானத்தில் கோடு போடுகிறேன்.
ஓட்டை போட்ட பெயின்ட் டப்பா, சணல் கயிறு, நாலு ஆணி.
வளைவு மட்டும் கண்ணளவு.
கார்னரில் குனிந்தால் இடுப்பு சொல்லிவிடும்
நேற்று எத்தனை வீட்டுக்கு வெள்ளையடித்தேன் என்று.

போன மாசம் யுவராணி வந்தாள்,
கொருக்குப்பேட்டைப் பெண்கள் டீம், கையில் அந்தப் பந்து.
பந்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
பப்பாளிக்குத் தையல் போட்ட மாதிரி.
"ரக்பிக்குக் கோடு வேணும்ணா. இதே கிரவுண்டுல."
ஒரு ரேஷன் கார்டில் ரெண்டு குடும்பத் தலைவரா என்றேன்.
பிறகு பெட்டிக்கடையில் சொட்டு நீலம் நாலு பாட்டில் வாங்கி
சுண்ணாம்பில் கரைத்தேன்.
நீலம் எங்கள் பக்கம் புதுசில்லை,
தரையில் பார்ப்பதுதான் புதுசு.
கோல் லைன் மட்டும் ரெண்டு ஆட்டத்துக்கும் ஒன்றே,
வெள்ளை மேல் நீலம்.

போஸ்டின் ரெண்டு காலிலும் சவுக்குக் கட்டை கட்டி உயர்த்தியதும்
டில்லிபாபு கேட்டான், "இன்னாபா, கொடிக்கம்பமா?"

டில்லிபாபுவைச் சொல்ல வேண்டும்.
உலகக் கோப்பை வந்தால்
சீட்டுப் பணம் எடுத்து முப்பதடி கட்அவுட் வைப்பவன்.
அந்த நாட்டை மேப்பில் காட்டச் சொன்னால்
விரல் கடலில் போய் நிற்கும்.
ஆனால் அது தோற்ற மறுநாள்
அவன் பால் பாக்கெட் போட வரவில்லை,
தெருவே பாலில்லாத டீ குடித்தது.

அப்படி ஒரு துக்கம்
இந்தத் தையல் பப்பாளிக்கு எங்கிருந்து வரும்?
ஊற ரெண்டு தலைமுறை வேண்டாமா?
யாராவது தோற்க வேண்டாமா,
கண்ணெதிரே, நம் தெருப் பேர் போட்ட சட்டையில்?

ஞாயிற்றுக்கிழமை எண்ணூரோடு ஆட்டம்.
பார்க்க வந்தவர் பதினொன்று.
மூன்று அம்மாக்கள், ஒரு சுண்டல்காரர்,
கிரவுண்டு காலியாகக் காத்துநின்ற ஃபுட்பால் பையன்கள்.
எதற்குக் கத்துவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.
பந்து பின்னால் போனதும் "அய்யய்யோ" என்றார்கள்,
அதுதான் விதியாம்,
முன்னே போகப் பின்னே கொடுக்க வேண்டுமாம்.
தண்ணி லாரியிலிருந்து குடம் கைமாறுவதை நினைத்துக்கொண்டேன்.
மூன்று பேரும் மூன்று பேரும் தோள் கோத்து முட்டியபோது
சுண்டல்காரர் கரண்டியை நிறுத்தினார்.
"சண்டையா?"
"இல்ல, ரூல்ஸு."

கடைசி நிமிஷம்.
காசிமேட்டில் விடிகாலை ஐஸ் பெட்டி தூக்குகிற செலின்
பந்தை மார்போடு இறுக்கி
ரெண்டு பேரைச் சுமந்தபடியே விழுந்தாள்.
பந்து கோட்டின் மேல்.
தாண்டவில்லை. மேல்.

எனக்கு மூச்சு நின்றது.
நான் பேக் ஆடிய காலத்தில், பெரம்பூரோடு ஒரு ஃபைனல்,
எங்கள் பந்தும் இப்படித்தான் கோட்டில் உட்கார்ந்தது.
முழுசாகத் தாண்டினால்தான் கோல் என்றார் ரெஃப்ரி.
அரைச் சாண்.
அந்த அரைச் சாணை
இன்னும் டீக்கடையில் அளந்துகொண்டிருக்கிறோம்.

இங்கே விசில். கை உயர்ந்தது.
"தொட்டாலே போதும்ணா," என்றாள் யுவராணி,
"கோடும் உள்ளதான் சேத்தி."

கோடும் உள்ளதான் சேத்தி.
பதினாறு வருஷத்தில்
யாரும் என் கோட்டைப் பற்றி இப்படிச் சொன்னதில்லை.

"கோல்ல்ல்!" என்று கத்தினான் டில்லிபாபு.
அதற்குப் பேர் ட்ரை. யாரும் திருத்தவில்லை.
செலின் எழுந்தாள், தாடையெல்லாம் நீலம்.

முப்பதடி கட்அவுட்டை இது எட்டுமா?
எனக்குத் தோன்றவில்லை.
திங்கள் காலை பையன்கள் வெள்ளைக்குள் ஆடினார்கள்,
மிதிபட்டு மிதிபட்டு நீலம் பாதி போயிருந்தது.
மணலிப் பக்கம் மேகம்.
மிச்சமிருந்த அரை மூட்டையை
டிரான்ஸ்பார்மர் ஓரம் தார்ப்பாயில் மூடிச் செங்கல் வைத்தேன்.
பால் வண்டியில் ஒரு கால் ஊன்றி நின்றான் டில்லிபாபு.
"எண்ணூர்க்காரங்க
இத்த சும்மாவா வுடுவாங்க?"